சோகை தெளிந்த செடி

எனக்கு வாய் சும்மா இருக்காது. கோலார் தங்கவயலில் பிறந்தவள் நான்; எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. அந்த வாய்தான் போன மாதம் சுந்தரராமன் சாரை நொறுக்கிப் போட்டது.

பெங்களூர் அடுகோடியில் அவரும் கோமளம் மாமியும் எனக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து வீடு. சார் அரசாங்கத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலம் கட்டத் தெரியும், பாத்தி கட்டத் தெரியாது. தோட்டம் முழுக்க மாமியின் ராஜ்ஜியம். வாசல் கேட்டை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு நந்தியாவட்டை. எல்லார் வீட்டிலும் இருக்கிற பச்சை நந்தியாவட்டை இல்லை. ஒவ்வொரு இலைக்கும் ஓரத்தில் பால் வெள்ளையாகக் கரை போட்ட ஜாதி. லால்பாக் பக்கம் ஒரு நர்சரியில் விரல் நீளக் குச்சியாக வாங்கி வந்தாளாம்.

அந்த ஜாதிக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. திடீரென்று ஒரு கிளை முழுப் பச்சையாகத் துளிர்க்கும். பச்சைக்குத் தெம்பு அதிகம். விட்டுவிட்டால் கிடுகிடுவென வளர்ந்து வெள்ளைக் கிளைகளை அமுக்கிவிடும். அப்புறம் வெள்ளை திரும்பி வராது. அதனால் மாமி காபி குடிக்கும் முன்பே சின்னக் கத்தரியுடன் செடியைச் சுற்றி வருவாள். பச்சைத் துளிர் கண்ணில் பட்டால் அடியோடு நறுக்குவாள். வெட்டின இடத்தில் வடிகிற பாலைத் துணியால் ஒற்றி, "கோச்சுக்காதேடி" என்பாள்.

சாருக்கு இதெல்லாம் தெரியாது. காலையில் செய்தித்தாள், மாலையில் வாக்கிங். போகிற வழியில் நின்று ஒரு கிண்டல்: "கோமளம், உன் செடிக்கு ரத்த சோகைடி. பார், எப்படி வெளுத்துக் கெடக்கு!"

"ஆமா, நான் இல்லாதப்போ நீங்களே வைத்தியம் பாருங்கோ."

இருபது வருஷமாக இதே பேச்சுதான். நானும் சிரித்திருக்கிறேன்.

போன வருஷம் மாமிக்கே ரத்தம் ஊறாமல் போயிற்று. கோயில் படியில் மயங்கி விழுந்தவளை அப்படியே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாரா வாரம் ரத்தம் ஏற்றினார்கள், ஏறினது நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் மகள் யாமினிக்குப் பிரசவம். நான் தங்கவயலுக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டேன்.

திரும்பி வந்தால் கேட்டருகே காடாக ஒரு பச்சைப் புதர். சார் பூவாளியோடு நின்றிருந்தார். பத்து கிலோ இளைத்திருப்பார். முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

"பார்த்தேளா மேரி? யூரியா போட்டேன், சாணி போட்டேன், வெயில் படாம மேலே வலை கட்டினேன். சோகை தெளிஞ்சுடுத்து! செடிக்கே தெளிஞ்சுடுத்துன்னா அவளுக்குத் தெளியாதா?"

கோபம் தலைக்கு ஏறியது. ஆனாலும் அந்த மூஞ்சியைப் பார்த்து என்ன சொல்வது? மாமியிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று அன்று மாலையே அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். சார் உட்காரும் முன்பே ஃபோனை நீட்டினார். "இன்னிக்கு எடுத்தது. பாரு, ஒரு வெள்ளை இல்லே!"

மாமி படத்தையே பார்த்தாள். விரலால் பெரிதாக்கிக் கிளை கிளையாகத் தேடினாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"நன்னா தழைச்சிருக்கு," என்றாள். "உங்க கை ராசி."

அவர் மருந்துச் சீட்டோடு வெளியே போனதும் நான் ஆரம்பித்தேன். "இன்னா மாமி இது! உள்ள ரெண்டு வெள்ளைக் கிளை இன்னும் கீது. நாளைக்கே பச்சையெல்லாம் வெட்டிடறேன், பொழச்சுக்கும்."

"சும்னே இரு மேரி," என்று கன்னடத்தில் அடக்கினாள். மூச்சு வாங்கியது. "அதைப் பார்த்துண்டுதான் ரெண்டு வாய் சாப்பிடறார். வெட்டிடாதே."

நான் வெட்டவில்லை. ஐந்தாவது வாரம் மாமி போய்ச் சேர்ந்தாள். அதற்குள் அந்த இரண்டு கிளையும் பட்டுவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு காலையில் சார் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கையில் மாமியின் கத்தரி.

"இது உங்ககிட்ட இருக்கட்டும். எனக்கு எதை வெட்டறதுன்னு தெரியாது."

அப்போதுதான் என் தொட்டியைப் பார்த்தார். மாமி எப்போதோ ஒடித்துத் தந்த குச்சி. இப்போது இடுப்பு உயரம், இலையெல்லாம் வெள்ளைக் கரை. குனிந்து ஒரு இலையைத் தடவினார்.

"பாவம், இதுக்கு இன்னும் சோகை தெளியலையே. யூரியா போடலையா நீங்க?"

எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தேனோ, வெடித்துவிட்டது. "சோகையாவது ஒண்ணாவது! அதோட நெறமே அதான் சார்! அந்த வெள்ளை போயிடக் கூடாதுன்னுதான் மாமி தினம் காலைல பச்சைய வெட்டிக்கினு இருந்தாங்க!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை.

அவர் இலையை விடவில்லை. "அப்போ அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நன்னா இருக்குன்னாளே மேரி. கை ராசின்னாளே." அப்படியே தொட்டியருகில் தரையில் உட்கார்ந்தார். "நான் தினம் ஒரு படம் எடுத்துண்டு போய்க் காட்டினேனே."