அக்காவின் குரலை அழித்த நாள்

டம்ளர்கள் மோதும் சத்தம்... பின்னால் யாரோ தே தாரிக், அதாவது பால் டீ, ஆற்றுகிறார்... பிறகு ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேசலாமா டீச்சர்?" என்று கேட்கிறார்.

அந்த ஒலிப்பதிவு இப்படித்தான் தொடங்கும். இன்று அது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. என் காதில் மட்டும் மிச்சம் இருக்கிறது. அதை எப்படி டெலிட் செய்வது என்று தெரியவில்லை.

சிங்கப்பூரில் மென்பொருள் வேலை பார்த்து, தினமும் எல்லைப் பாலத்து டிராபிக் ஜாமில் பாதி ஆயுளைக் கழித்து, போதும்டா சாமி என்று மலேசியப் பக்கம் ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வில் சேர்ந்த காலம் அது. தெப்ராவ் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் ஆபீஸ். ஏர்கோன் ஒழுகும், அடியில் ஒரு வாளி வைத்திருப்போம்.

கூட வேலை செய்தவர் மங்கை. என் வயதுதான், சட்டத்தில் டாக்டர் பட்டம். பேட்டி கொடுப்பவர்களுக்கு அவர் 'டீச்சர்'. தொழிற்சாலைகளில் முகத்தைக் காட்டி வருகை பதியும் இயந்திரம் வந்ததே... அந்த முகப்படம் யாருக்குச் சொந்தம், அதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. சட்டம் அவர் பங்கு, கம்ப்யூட்டர் என் பங்கு. கீழ்க்கடை ரொட்டி சானாய் இரண்டு பேருக்கும் பொது.

யாரைப் பேட்டி எடுத்தாலும் மங்கை முதலில் ஒன்று சொல்வார். "அக்கா, நீங்க எப்ப வேணும்னாலும் வேணாம்னு சொல்லலாம். எல்லாத்தையும் அழிச்சிடுவோம்."

சம்பிரதாயத்துக்குச் சொல்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

எத்தனையோ தொழிலாளர்களிடம் பேசினோம். பாதிப் பேர் பயந்து மழுப்பினார்கள். ஒரு அக்கா மட்டும் மனம் திறந்து பேசினார். என்ன பேசினார் என்று இங்கே எழுத மாட்டேன். பெயர், ஊர் எதுவும் கேட்காதீர்கள். ஆனால் எங்கள் கட்டுரையின் உயிரே அந்தப் பேச்சில்தான் இருந்தது. அந்தக் கட்டுரையை நம்பித்தான் மங்கையின் வேலை ஒப்பந்தமும் இருந்தது.

கட்டுரையை அனுப்ப வேண்டிய வாரம்... அக்கா போன் செய்தார். மங்கை ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், கம்பெனியில யாரு வெளிய பேசினதுன்னு விசாரிக்கிறாங்க. என் வேலை போயிட்டா பிள்ளைங்க படிப்பு நின்னுடும். நான் பேசுனத எடுத்துடுறீங்களா?"

"சரிக்கா. இன்னிக்கே எடுத்துடுறேன்."

அவ்வளவுதான். மங்கை யோசிக்கக்கூட இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

"பேரைத்தான் மாத்திட்டோமே மங்கை. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"அவங்க சூப்பர்வைசருக்குத் தெரியும் லா. ரெண்டு வரி படிச்சா போதும், இது யார் பேச்சுன்னு புரிஞ்சிடும்."

அழிக்க உட்கார்ந்தோம். என் லேப்டாப், அவர் லேப்டாப், போன், பேக்கப் டிரைவ், கிளவுட்... ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மங்கையின் முகம் வெளுத்தது.

பேச்சை எழுத்தாக்க, அவசரத்தில் ஒரு இலவச ஆப்பில் அந்தப் பதிவை ஏற்றியிருக்கிறார். நிபந்தனைகளைப் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தியிருக்கிறார். ஏற்றுவதில் ஒரு நகலை அந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது.

நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை என்று ஒரு அத்தியாயமே எழுதியவர் மங்கை! ஊருக்கு உபதேசம் என்று கேலி செய்ய வாய் வந்தது. அவர் உட்கார்ந்திருந்த நிலையைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அன்றே அந்தக் கம்பெனிக்கு எழுத ஆரம்பித்தார். அவர்கள் வேறு நாட்டில். வந்த பதில்கள் எல்லாம் இயந்திரம் எழுதியவை. இவர் விடவில்லை. ஒரு பதிலுக்கு ஒரு கடிதம், சட்டப் பிரிவோடு.

மறுநாள் காலை, "வாங்க, அக்காகிட்ட போய்ச் சொல்லிட்டு வரலாம்" என்றார்.

"போன்ல சொன்னா ஆகாதா?"

"தப்பு செஞ்சது நான். நேர்லதான் சொல்லணும்."

வட ஜொகூர் வரை ஓட்டினார். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம், கொட்டும் மழை.

அக்கா வீட்டு வாசலில் மங்கை செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சொல்லிவிட்டார். "எங்ககிட்ட இருந்ததெல்லாம் அழிச்சாச்சுக்கா. ஒண்ணு மட்டும் ஒரு கம்பெனிகிட்ட மாட்டிக்கிச்சு. என் தப்பு. அதையும் அழிக்கிற வரைக்கும் விடமாட்டேன்."

திட்டப் போகிறார் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா எங்களையே மாறி மாறிப் பார்த்தார்.

"இதச் சொல்லவா டீச்சர் இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"அது உங்க குரல்க்கா."

அக்கா மங்கையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். சட்டம் படித்தவர்கள் என்றால் வாய் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தவன் நான். சொன்ன சொல்லுக்காக ஒருவர் இவ்வளவு தூரம் போவாரா என்று அன்று அசந்துபோனேன். இன்றும் அந்தப் பிரமிப்பு தீரவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மனிதர் கையெழுத்திட்ட பதில் வந்தது, அழித்துவிட்டோம் என்று. அக்காவின் வேலை போகவில்லை. கட்டுரை அந்த வருடம் வரவில்லை, மங்கையின் ஒப்பந்தமும் நீளவில்லை. இப்போது வேறு ஊரில் பாடம் எடுக்கிறார். அதைப் பற்றி ஒரு நாளும் அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை.

இப்போது என் முகம் எங்கெங்கோ இருக்கிறது... வங்கியில், ஆபீசில், அடுக்குமாடிக் கொண்டோ கேட்டில். கேட்ட இடத்திலெல்லாம் காட்டிவிட்டு வருகிறேன். போன மாதம் பழைய கொண்டோவுக்குப் போய், நான் வீடு மாறிவிட்டேன், என் முகத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

காவலாளி நல்ல மனிதர்தான். "அது சிஸ்டத்துல இருக்கு அண்ணே. யார்கிட்ட கேக்கணும்னு எனக்கே தெரியாது லா" என்றார்.

திரும்பி வந்து காரை எடுத்தேன். என் முகத்துக்காக எவர் மழையில் வண்டி ஓட்டி வரப்போகிறார்...