பதில் எழுவாய் கேப்டன்

பள்ளிக்கூடத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் நடுங்குவது கேப்டன் இன்ஷிராஹ்தான்.

வேதியியல் ஆசிரியைக்குத் தும்மலா, வகுப்பைப் பார்த்துக்கொள்ளக் கேப்டனைக் கூப்பிடு. வரலாற்று ஆசிரியரின் மாமனார் மண்டையைப் போட்டாரா, கேப்டன் எங்கே? தத்துவம் எடுக்கும் அம்மாளுக்கு வாழ்க்கையில் வெறுப்பு வந்து வீட்டிலேயே படுத்துவிட்டாரா, அதற்கும் கேப்டன்தான். எகிப்தின் துமியாத் நகரத்து நாற்காலிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், விளையாட்டு ஆசிரியைக்கு விளையாட்டைத் தவிர மற்ற எல்லா வேலையும் இருந்தது.

அவளுடைய அப்பா மரச்சாமான்களுக்கு வார்னிஷ் அடித்தவர். புருஷன் லுத்ஃபி சோபாவுக்குப் பஞ்சு அடைப்பவர். நாடே உட்காருவதற்கு உழைத்த குடும்பத்தில் ஓடிக்கொண்டே இருக்கப் பிறந்தவள் இவள் ஒருத்திதான். நல்ல உயரம், வெண்கலத் தொண்டை. அவள் விசில் ஊதினால் சந்தையில் கழுதை வண்டிகள் நின்றுவிடும் என்று பேச்சு. வீட்டிலும் லுத்ஃபி அவளைக் "கேப்டன்" என்றுதான் கூப்பிடுவார். பயமா பாசமா என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பஞ்சை அடைப்பார்.

அந்த வருஷம் அவளுடைய வாலிபால் பெண்கள் மாவட்டப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. அதே வாரத்தில் கணக்குத் துறைத் தலைவர் உஸ்தாத் வக்தி, பரீட்சை நெருங்குகிறது என்று சொல்லி, வாரத்துக்கு ஒன்றாக இருந்த விளையாட்டுப் பீரியடையும் எடுத்துக்கொண்டார். புதிய கால அட்டவணையில் அவள் பீரியட் இருந்த கட்டத்தில் "கணக்கு மீள்பார்வை" என்று இருந்தது.

அதைப் பார்த்ததும் விசில் கழுத்தில் ஆட, நேராகத் தலைமை ஆசிரியை மேடம் இக்ராமின் அறைக்குப் போனாள்.

"மேடம், என் பீரியட் எங்க?"

"கேப்டன், கத்தாதீங்க. புள்ளைங்க பரீட்சை எழுதணுமா வேணாமா?"

"எழுதட்டும் மேடம். கையில தெம்பு வேணாமா பேனா புடிக்க?"

அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த உஸ்தாத் வக்தி மீசைக்குள் சிரித்தார். "கேப்டன், நீங்க பந்தை மேல போடுங்க, அது கீழ வரும். இதைக் கத்துக் குடுக்க வருஷம் முழுக்க பீரியட் எதுக்கு?"

"உங்க கணக்கு மட்டும் என்னவாம்? எக்ஸ் எங்க போச்சுன்னு வருஷம் பூரா தேடுறீங்க. கெடைச்சதும் மறுபடி தொலைக்கிறீங்க!"

மேடம் இக்ராமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்ட கோபத்தில் ஒரேயடியாகச் சொன்னார்: "சரி கேப்டன். கோப்பையக் கொண்டு வாங்க, பீரியட வாங்கிட்டுப் போங்க. தோத்துட்டு வந்தா இந்தப் பேச்சே இனி வரக்கூடாது."

ஜெயித்தால் பீரியட் உண்டு, தோற்றால் கிடையாது. ஆனால் ஜெயிப்பதற்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப் பீரியட் வேண்டும். கேப்டனுக்குத் தலை சுற்றியது. சாயங்காலம் பயிற்சி கொடுக்கலாம் என்றால், பள்ளி விட்டதும் பெண்கள் எல்லாரும் டியூஷனுக்கு ஓடினார்கள். பாதிப் பேர் ஓடியதும் இதே உஸ்தாத் வக்தியின் டியூஷனுக்குத்தான்.

அப்போதுதான் இயற்பியல் ஆசிரியருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கேப்டன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதில் பீரியடுக்குச் சிரித்துக்கொண்டே போனாள்.

மேடம் இக்ராமின் சட்டம் கறாரானது: பதில் ஆசிரியை வகுப்பை வெளியே கூட்டிப்போகக் கூடாது, அட்டவணையில் எந்தப் பாடமோ அந்தப் பாடம்தான் நடக்கவேண்டும். ஆகட்டும் என்று கேப்டன் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினாள். கரும்பலகைத் துடைப்பானைத் துணியில் சுருட்டிப் பந்தாக்கினாள். "புத்தகத்தைத் திற. எறியற பொருள் எப்படிப் போகுது? சத்தமாப் படி, படிச்சிட்டே எறி!"

அணித் தலைவி துகா, குதித்துப் பந்தை அறைந்தால் எதிரணி கண்ணை மூடிக்கொள்ளும், அப்படிப்பட்ட பெண், படித்தாள்: "நாப்பத்தஞ்சு டிகிரில எறிஞ்சா ரொம்ப தூரம் போகும்."

"தூரமாப் போனா கோட்டுக்கு வெளியில விழும். நமக்கு உசரம் வேணும். உசரத்துக்கு என்ன டிகிரி?"

வகுப்பே கையைத் தூக்கியது. இயற்பியல் பீரியடில் அத்தனை கை தூக்கியதை அந்தச் சுவர்கள் பார்த்ததில்லை. மேடம் இக்ராம் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். பலகையில் வளைகோடு வரைந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகு கேப்டன் காலையில் வந்ததும் ஆசிரியர் அறையில் எல்லார் முகத்தையும் உற்றுப் பார்ப்பாள். "என்ன, முகம் வாடியிருக்கே? லீவு போடுங்களேன், நான் பாத்துக்கறேன்." சிலர் இந்த அன்பை நம்பி நிஜமாகவே லீவு போட்டார்கள்.

வேதியியலில், வியர்வையோடு உப்பு வெளியேறினால் தசை இழுத்துக்கொள்ளும் என்று ஒரு பெண் சொல்லப்போக, ஆட்டத்துக்கு முன் எல்லாரும் உப்பு நீரில் ஊறிய முள்ளங்கி தின்ன வேண்டும் என்று உத்தரவாயிற்று. புவியியலில் மட்டும் கொஞ்சம் சறுக்கியது. கடல் காற்று வடக்கிலிருந்து வருகிறது என்பதைச் சரியாகச் சொன்ன கேப்டன், அந்த வேகத்திலேயே நைல் நதியும் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதாகச் சொல்லிவிட்டாள்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "கேப்டன், அப்ப நாம குடிக்கிற தண்ணி கடல்லேருந்தா வருது?"

"அதான் அப்படிக் கரிக்குது," என்றாள் கேப்டன், கண் இமைக்காமல்.

அரபு ஆசிரியை பிரசவத்துக்குப் போன வாரத்தில்தான் பெரிய விஷயம் நடந்தது. அன்றைக்கு இலக்கணம். கேப்டனுக்கு இலக்கணம் என்றாலே பள்ளி நாளில் வாங்கிய அடிதான் ஞாபகம். "யாராவது படிங்கடி" என்று நாற்காலியில் சாய்ந்தாள். யுஸ்தினா எழுந்தாள்.

யுஸ்தினா அணியில் இருந்தாள் என்று சொல்வது மரியாதைக்காக. பந்து மூட்டையைச் சுமப்பாள், தண்ணீர் எடுத்துவருவாள், பெஞ்சைச் சூடாக வைத்திருப்பாள். பந்து கிட்டே வந்தால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள். ஆனால் இலக்கணத்தில் புலி.

"துகா பந்தை அடித்தாள்," என்று பலகையில் எழுதினாள் யுஸ்தினா. "இதுல செஞ்சவ துகா. இப்ப துகாவ எடுத்துட்டா? பந்து அடிக்கப்பட்டது. செஞ்சவங்க காணாமப் போனா, செய்யப்பட்டது எழுந்து வந்து அவங்க இடத்துல நிக்கும். அதுக்குப் பேரு நாயிப் ஃபாயில், பதில் எழுவாய். செஞ்சவங்களுக்கு உண்டான மரியாதை இதுக்கும் வரும். கடைசி எழுத்து மேல 'உ' குறி போடுவோம். அப்படிக் குறி போட்டா, அந்தச் சொல்லைத் தூக்கியாச்சுன்னு சொல்லுவாங்க."

கேப்டன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "இரு, இரு! செஞ்சவங்க வரலேன்னா, சும்மா கெடந்தது எழுந்து நின்னு, அதையும் தூக்குவாங்களா?"

"ஆமா கேப்டன்."

"அடிப்பாவி, இது நானு! பாடம் எடுக்கறவங்க வரலேன்னா நான்தானே நிக்கறேன்? என்னை ஒருத்தரும் தூக்கினதில்லையே!"

வகுப்பு சிரிப்பில் அதிர்ந்தது. மறுநாளே பள்ளி முழுக்க அவளுக்குப் பதில் எழுவாய் என்று பெயர். உஸ்தாத் வக்திகூட நடைகூடத்தில் சலாம் வைத்தார்: "இன்னிக்கு யாருக்கு எழுவாய் கேப்டன்?"

இறுதி ஆட்டம் ராஸ் அல்-பர்ரில், நைல் கடலில் விழும் முனைக்குப் பக்கத்தில், திறந்த மைதானத்தில். எதிரணி ஃபாரஸ்கூர் பெண்கள். ஒவ்வொருத்தியும் பேரீச்சை மரம் மாதிரி. நம் பெண்கள் மைக்ரோபஸ்ஸிலேயே முள்ளங்கியைத் தின்று முடித்திருந்தார்கள். நடுவர் இரண்டடி தள்ளியே நின்றார்.

துகாவைக் காணோம்.

கேப்டன் போன் போட்டாள். துகா அழுதுகொண்டே எடுத்தாள். "அப்பா விடல கேப்டன். உஸ்தாத் வக்தி இன்னிக்கே மீள்பார்வை வச்சுட்டாரு. அப்பா டியூஷன் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு."

கேப்டன் போனை மடக்கினாள். பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

"யுஸ்தினா."

"கேப்டன், வேணாம்."

"செஞ்சவங்க வரலேன்னா என்ன ஆகும்? நீதானே சொன்ன?"

"அது இலக்கணம் கேப்டன்! இது பந்து, வலிக்கும்!"

"கண்ணாடிய நாடா போட்டுக் கட்டு. எழுந்து நில்லு."

முதல் செட் போயிற்று. பந்து யுஸ்தினாவைத் தேடித் தேடி வந்தது. ஒன்று தோளில், ஒன்று காதில். ஃபாரஸ்கூர் கூட்டம் "கண்ணாடி! கண்ணாடி!" என்று பாட்டே கட்டிவிட்டது. இரண்டாம் செட்டை மற்ற ஐந்து பெண்களும் மூச்சைப் பிடித்து நம் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். கடைசிச் செட். இரண்டு புள்ளி பின்னால் நிற்கும்போது, சர்வீஸ் போடும் முறை சுற்றிச் சுற்றி யுஸ்தினாவிடமே வந்து நின்றது.

அவள் திரும்பிக் கேப்டனைப் பார்த்தாள். கேப்டனின் கன்னத்தில் கடல் காற்று அறைந்தது. வடக்கு. அதை மட்டும் சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

"அடிக்காத!" என்று கத்தினாள். "தூக்கு! 'உ' குறி போடு!"

யுஸ்தினா புரிந்துகொண்டாள். கையைக் கீழிருந்து வீசிப் பந்தை நேரே வானத்துக்கு அனுப்பினாள். அது போயிற்று, போயிற்று, கடல்பறவைகள் விலகின. பேரீச்சை மரங்கள் எல்லாம் அண்ணாந்து சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கின. காற்று பந்தைப் பிடித்து, கொஞ்சம் யோசித்து, ஒருத்தரும் நிற்காத இடத்தில் போட்டது.

ஒரு புள்ளி!

மறுபடி தூக்கினாள். மறுபடி ஒரு புள்ளி! சமன்!

அந்த நேரம் பார்த்துத்தான் மைதான வாசலில் இரண்டு மைக்ரோபஸ் வந்து நின்றன. டியூஷன் வகுப்பே இறங்கியது. யாரோ ஆட்டத்தைப் போனில் காட்டப்போக, பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கழிவறைக்குப் போவதாகச் சொல்லி ஜன்னல் வழியாக இறங்கிவிட்டார்களாம். துகா முன்னால் ஓடி வந்தாள். பின்னால் அவளுடைய அப்பா. அவருக்கும் பின்னால், பாடம் நடத்த ஆளில்லாமல் போன உஸ்தாத் வக்தி, கையில் சாக்பீஸோடு.

"கேப்டன், நான் வந்துட்டேன்! என்னை எறக்குங்க!"

எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள். துகாவின் அப்பாகூடத் திட்ட வந்ததை மறந்து, "எறக்குங்களேன்!" என்றார். அறைந்தால் தரை பிளக்கும் கை ஒரு பக்கம். நாடாவில் தொங்கும் கண்ணாடி இன்னொரு பக்கம். அவளுடைய பீரியட் நடுவில் தொங்கியது.

"நில்லுடி," என்றாள் துகாவிடம். "வாக்கியம் பாதியில இருக்கு. இப்ப எழுவாய மாத்தினா அர்த்தம் கெட்டுரும்."

யுஸ்தினா தூக்கினாள். இந்தத் தடவை ஒரு பேரீச்சை மரம் பந்தை எடுத்துவிட்டது. பந்து போயிற்று, வந்தது, போயிற்று. நம் பக்கம் ஒருத்தி விழுந்து எடுத்தாள், இன்னொருத்தி முழங்காலில் எடுத்தாள். உஸ்தாத் வக்தி தன்னை மறந்து, "கோணம்! கோணத்தக் கொறை, புள்ள!" என்று அலறிக்கொண்டிருந்தார். பந்து யுஸ்தினாவின் முகத்துக்கு நேராக வந்தது. அவள் குனியவில்லை. இரண்டு கையாலும் மேலே தள்ளினாள். அது வலையின் விளிம்பில் உட்கார்ந்து, அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பார்த்து, அந்தப் பக்கம் விழுந்தது.

அதற்குமேல் இரண்டு சர்வீஸ்தான். கதை முடிந்தது.

பெண்கள் யுஸ்தினாவைத் தூக்கினார்கள். பிறகு, அவ்வளவு உயரத்தையும் அவ்வளவு எடையையும் பொருட்படுத்தாமல், கேப்டனைத் தூக்கினார்கள். அவள் மேலிருந்தபடி, "தூக்கியாச்சு! என்னையும் தூக்கியாச்சு!" என்று கத்தினாள். அதுதான் அவள் தொண்டையிலிருந்து வந்த கடைசிச் சத்தம்.

மறுநாள் லுத்ஃபி ஒரு கையில் கோப்பையும் மறு கையில் தேன்பாகு சொட்டும் மிஷப்பக் இனிப்புப் பொட்டலமுமாகப் பள்ளிக்கு வந்தார். "கேப்டனுக்குக் குரலே போயிடுச்சு மேடம். டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு. வீடு அமைதியா இருக்கு, எனக்குத்தான் தூக்கம் வரல."

மேடம் இக்ராம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அட்டவணையில் "கணக்கு மீள்பார்வை" அடிக்கப்பட்டு, அதே கட்டத்தில் "விளையாட்டு" வந்தது. ஆனால் அந்தப் பீரியட் அன்றைக்கே இருந்தது, விளையாட்டு ஆசிரியையோ லீவு. யாரை அனுப்புவது? அந்த நேரத்தில் சும்மா இருந்தவர் ஒரே ஒருவர்தான்.

உஸ்தாத் வக்தி விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்து நின்றார். ஷூவில் மணல். மீசையில் சங்கடம்.

"நோட்ட எடுங்க," என்று ஆரம்பித்தார், பழக்கத்தில்.

"உஸ்தாத்," என்றாள் யுஸ்தினா, உடைந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, "விளையாட்டுப் பீரியட்ல விளையாட்டுதான் நடக்கணும். மேடம் சட்டம். நீங்க இன்னிக்குப் பதில் எழுவாய்."

அவர் பந்தைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கோட்டைக் கழற்றித் துகாவிடம் கொடுத்தார்.

"எப்படிப் போடணும் இத?"

பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "தூக்குங்க உஸ்தாத்!"