எங்கள் வீட்டுச் சைவப் பூனை

எங்கள் வீட்டுப் பூனை சைவம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். கோயில் வீதியில் சொன்னேன், சங்கக்கடை வாசலில் சொன்னேன், மல்லாவியில் ஒரு செத்தவீட்டில்கூடச் சொன்னேன். கேட்டவர்கள் வாயில் கை வைத்தார்கள். "போன பிறப்பில புண்ணியம் செய்த பூனை" என்றாள் ஒருத்தி. அன்று எனக்கு இரவுச் சாப்பாடே தேவைப்படவில்லை, பெருமையிலேயே வயிறு நிறைந்துவிட்டது. இப்போது அந்தப் பேச்சையெல்லாம் நினைத்தால் என் நாக்கை நானே கடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

அது ஊர்ப் பூனை இல்லை, பேர்சியன் பூனை. மகன் கொழும்பில் வேலை செய்த நாளில் யாரிடமோ வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். சப்பை மூக்கு, வட்ட முகம், உடம்பு முழுக்க வெள்ளை மயிர். தர்மபுரத்தில் அப்படி ஒன்றை ஒருவரும் கண்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் படலையில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். என் கணவருக்கு முதலில் பிடிக்கவில்லை. "எலி பிடிக்காத பூனை என்னத்துக்கு? நெல்லு மூட்டையில படுத்துக்கொண்டு எலிக்குக் காவல் இருக்கவோ?" என்றார். ஒரு மாதம் போனதும், வயலால் வந்து கால் கழுவுவதற்கு முன்பே "எங்க அவன்?" என்று கேட்கிற ஆளாகிவிட்டார்.

மகன் பிரான்சுக்கு வெளிக்கிட்டபோது பூனையை என் கையில் தந்தான். தன் உடுப்புகளை அடுக்கியதைவிட அதிக நேரம் பூனையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அம்மா, இவனை வெளியில விடாதேங்கோ. நாய் கடிக்கும், உண்ணி ஏறும். ஒவ்வொரு நாளும் மயிரை இழுத்து விடுங்கோ. கண்ணில தண்ணி வடியும், துணியை நனைச்சுத் துடையுங்கோ. வெக்கை தாங்க மாட்டான்."

"ஓம் அப்பன். நீ முதல் உன்னைப் பார்" என்றேன்.

அலுமாரிக்குப் பக்கத்தில் பூனைச் சாப்பாட்டுப் பை ஒன்று இருந்தது. அது முடிந்தால் வவுனியாவில் வாங்கலாம், அப்பாவுக்குக் கடை தெரியும் என்று அதையும் காட்டிவிட்டுப் போனான்.

அவன் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் செய்தேன். அந்த மயிர் லேசில் சிக்குப் பிடிக்கும், சிக்கு இறுகினால் அடியில் தோல் புண்ணாகிவிடும். காலையில் பூப்பறித்த கையோடு சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்றால் வயிற்றுப் பக்கம், கால் இடுக்கு எல்லாம் இழுத்து முடித்த பிறகுதான் அடுப்பு மூட்டுவேன். சித்திரை வெயிலில் போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, துவாயில் சுற்றிப் பக்கத்தில் வைப்பேன். கரண்ட் போனால் பனை விசிறியால் விசிறுவேன். என் பிள்ளைக்குக்கூட நான் அப்படி விசிறியதில்லை. பூனை அந்தப் போத்தலில் தாடையை வைத்துக்கொண்டு தூங்கும்.

அந்த வருடக் கடைசியில் மகனுடைய அகதிக் கேஸ் அங்கே தள்ளுபடியானது. ஃபோனில் சொல்லும்போது அவன் அழவில்லை, அதுதான் என்னைக் கலக்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தேன். பிள்ளைக்கு விசா கிடைக்கும்வரை என் வீட்டுப் படி தாண்டி மச்சம் வராது, தாயே. மீனோ இறைச்சியோ முட்டையோ ஒன்றும் வராது. அப்பீல் போட்டிருக்கிறான், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரைகுறையாக எதையும் செய்கிற குணம் எனக்கு இல்லை. கோயிலால் வந்த கையோடு குசினியில் இருந்த மச்சச் சட்டிகளைச் சாக்கில் கட்டி மாட்டுக்கொட்டில் கூரையில் சொருகினேன். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அப்போதுதான் அலுமாரிப் பக்கத்துப் பை கண்ணில் பட்டது. அதன் முகப்பிலேயே பெரிய மீன் படம்.

"அது பூனையின்ர சாப்பாடப்பா" என்றார் கணவர். "அம்மன் பூனையிட்டயும் கணக்குக் கேக்கிறாவோ?"

"மச்சம் எண்டா மச்சம்தான். ஆர் திண்டா என்ன?" என்றேன்.

அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். நான் சத்தம் வைத்தால் அவர் பேசுவதில்லை, அது இந்த வீட்டு வழக்கம். பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வளவு நாய்களுக்குக் கொட்டினேன். அவை சண்டை பிடித்துத் தின்றன.

பூனைக்குப் பால்சோறு வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. பருப்புச் சோறு வைத்தேன், நெய் விட்டுப் பிசைந்தேன், தயிர் கலந்தேன். பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்பார்கள், சில நாளில் அதுவும் சாப்பிட்டது. நான் அதை அம்மனின் அருள் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்துதான் என் ஊர்ப் பிரசங்கம் தொடங்கியது. கணவர் அதற்கு "உருத்திராட்சப் பூனை" என்று பட்டம் வைத்தார். அவருக்கு விளையாட்டு. கிளிநொச்சிக்குப் போகிற நாளில் சாப்பாட்டுக் கடையில் மீன்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு வருவார், சட்டையில் மணக்கும், நான் தெரியாததுபோல இருப்பேன். அவருக்குக் கடை இருந்தது. எனக்குச் சாமி இருந்தது. கதவு பூட்டிய வீட்டுக்குள் இருந்த பூனைக்கு நான் வைக்கிற கோப்பையை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. ஊர்ப் பூனைக்கு யாரும் சோறு வைக்காவிட்டாலும் வயலில் எலி இருக்கிறது.

ஒருநாள் சுவரிலிருந்து பல்லி ஒன்று விழுந்தது. பூனை பாய்ந்து கவ்விவிட்டது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது எதையும் பிடித்து நான் கண்டதில்லை. ஓடிப்போய்த் தாடையைப் பிளந்து, பல்லியை இழுத்து வெளியே எறிந்து, துளசித் தண்ணீரால் பூனையின் வாயைக் கழுவினேன். அது எதிர்க்கவில்லை, கீறவும் இல்லை. தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் பிடித்த ஜீவனின் வாயிலிருந்து நான் பறித்திருக்கிறேன். மற்றதையெல்லாம் அறியாமை என்று சொல்லி மனதைத் தேற்றலாம். இதை என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

ஒரு வருடம் அப்படிப் போனது. அதன் கண்கள் மாறின. முன்பு வெயிலில் கோடாகச் சுருங்குகிற கறுப்பு இப்போது சுருங்காமல், கண் நிறைய விரிந்து பளபளவென்று இருந்தது. பக்கத்து வளவில் இருக்கிற பெண்ணின் ஆட்கள் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவள் ஒருநாள் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "கண்ணு என்னா அழகா இருக்குங்க அக்கா, கண்ணாடி மாதிரி" என்றாள். "சைவச் சாப்பாட்டின்ர தேசு" என்று நான் சொன்னேன். மகனும் வீடியோவில் பார்த்து, முந்தியைவிட வடிவாயிருக்கிறான் என்றான். அந்தக் கண்ணைக் கிட்டப் பிடித்து ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

அலுமாரி மேல் பாய்கிறதை அது எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது. சுவரோடு உரசிக்கொண்டு மெல்ல நடக்கும். வயது ஏறியதால் அமைதியாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அறுவடை முடிந்து நெல் மூட்டைகளைக் கொண்டுவந்து கூடத்துக்கு நடுவில் அடுக்கினோம். பூனை அறையிலிருந்து நேராக வந்து மூட்டையில் முகத்தை மோதியது. பின்வாங்கித் திரும்பவும் மோதியது.

"கண் தெரியேல்லையோ உனக்கு?" என்று ஏசினேன்.

யாரும் யாரையும் ஏசுகிற ஏச்சுத்தான். சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தச் சொல் எனக்கே உறைத்தது. டோர்ச்சை எடுத்து அதன் முகத்துக்கு நேரே அடித்தேன். அது இமைக்கவில்லை. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டு போகுமா என்று கேட்பார்கள். எங்கள் பூனைக்கு இரண்டு கண்ணும் திறந்தபடியே பூலோகம் இருண்டுபோயிருந்தது.

வவுனியா நெளுக்குளத்தில் தன் வீட்டிலேயே வைத்து நாய், பூனை பார்க்கிற மிருக வைத்தியர் ஒருவர் இருந்தார். இளம் பெண். பூனையைக் கூடையில் வைத்து நானும் கணவரும் பஸ்ஸில் போனோம். அவா ஒரு சின்ன லைட்டால் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தா. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டா. பிறகு, "என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?" என்று கேட்டா.

"இவன் முழுச் சைவம் டொக்டர்" என்றேன். பழக்கதோஷம், அந்த நேரத்திலும் என் குரலில் பெருமை இருந்தது.

அவா லைட்டைக் கீழே வைத்தா. ஏசவில்லை.

"அம்மா, மாட்டுக்குப் புல்லு எப்பிடியோ, பூனைக்கு மீன், இறைச்சி அப்பிடி. அதில இருக்கிற ஒரு சத்து சோத்திலயும் பாலிலயும் காணாது. அது இல்லாட்டிக் கண்ணின்ர உள்பக்கம் பழுதாப் போகும். இருதயமும் பெலவீனமாகும். இவன்ர நெஞ்சுச் சத்தம் எனக்குப் பிடிக்கேல்ல."

"பார்வை திரும்ப வருமோ?"

"போனது வராது. இருதயத்தைக் காப்பாத்தலாம். இண்டையிலயிருந்து மீன் குடுக்க வேணும், அவிச்ச தண்ணியையும் ஊத்தாமச் சேத்துக் குடுங்கோ." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தச் சாதிப் பூனையில சிலதுக்குப் பரம்பரையாலயும் கண் போறது" என்றா.

அவாவின் இரக்கம் அது. அதைப் பிடித்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஆனால் பல்லியைப் பறித்த கை என் மடியில்தான் கிடந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கணவர் கூடையை மடியில் வைத்திருந்தார். மாங்குளம் தாண்டும்போது கூடைக்குள் விரலை விட்டு அதன் தலையைத் தடவினார். "நானாவது களவா ஒரு துண்டு குடுத்திருக்கலாம்" என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பழியில் பாதியை அவர் எடுத்துக்கொண்டது எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

அடுத்த நாள் காலையில் மோட்டார் சைக்கிளில் மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தபோது படலையில் நின்று மறித்தேன். அவர் சிரித்தார். "என்னக்கா, தம்பியின்ர கேஸ் சரிவந்திட்டுதோ?"

"இல்லை. பூனைக்கு" என்றேன். அவர் சூடை மீனை நிறுத்துத் தந்தார்.

நேர்த்தி முடியவில்லை, அப்பீல் முடிவு வரவில்லை. மீன் உள்ளே போனால் என் பிள்ளையின் கேஸ் கவிழ்ந்துவிடும் என்று பயந்தேன். நம்பாதவர்கள் சிரிக்கலாம், நான் நம்புகிறவள். அதனால் அம்மனோடு சட்டம் பேசினேன். படி தாண்டி வராது என்றுதானே சொன்னேன், படிக்கு வெளியே சமைக்கிறேன், பூனையும் வெளியே வந்து சாப்பிடட்டும். முருங்கை மரத்தடியில் மூன்று கல் வைத்து, கூரையில் சொருகிய சட்டியை இறக்கி அவித்து, முள் எடுத்து ஆறவைத்தேன். பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து கோப்பைக்கு முன்னால் விட்டேன்.

அது அதுவரை மண்ணில் கால் வைத்ததில்லை. கண்ணும் இல்லை. காற்றும் காகமும் றோட்டில் போகிற உழவு இயந்திரமும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாமல் வயிற்றை நிலத்தோடு அழுத்திக்கொண்டு நடுங்கியது. மீனை மூக்கருகே பிடித்தேன், திரும்பவில்லை. நெஞ்சு படபடவென்று அடிப்பது மயிருக்கு மேலாலேயே தெரிந்தது. அந்த இருதயத்தைக் காப்பாற்றத்தான் அதை வெளியே கொண்டுவந்திருந்தேன்.

தூக்கி உள்ளே விட்டேன். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு வாசல் படியில் வந்து நின்றேன். உள்ளே பூனை. என் கையில் மீன். பிரான்சில் மகன். ஒரு கட்டத்தில் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. பிள்ளைக்காக நான் என்ன கொடுத்தேன்? நாக்கு ருசியைக் கொடுத்தேன். பூனை இரண்டு கண்ணைக் கொடுத்தது, அதனிடம் யாரும் சம்மதம் கேட்டதுகூட இல்லை. படியைத் தாண்டினேன்.

மீன் மணம் உள்ளே போன உடனேயே அது அறைக்குள்ளிருந்து புறப்பட்டது. கதவு நிலையில் மோதி, கதிரைக் காலில் மோதி, நேராக என்னிடம் வந்தது. கோப்பையை நக்கி முடித்துவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது. ஒரு தடவை கடித்திருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். நான் குசினி நிலத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

இப்போது அது நன்றாகச் சாப்பிடுகிறது. நெஞ்சுச் சத்தம் திருந்திவிட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டா. நெல் மூட்டைகளைச் சுவரோடு அடுக்குகிறோம், கதிரைகளை இடம் மாற்றுவதில்லை. மகனின் கேஸ் இன்னும் இழுபடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தான், மெலிந்திருந்தான்.

"அம்மா, நீங்கள் இன்னும் மச்சம் சாப்பிடுறேல்லையோ?"

"இல்லை அப்பன்" என்றேன். என் வாயைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

"உங்கட நேர்த்திதான் அம்மா என்னை இஞ்ச நிப்பாட்டி வச்சிருக்கு. அவனைக் காட்டுங்கோ பாப்பம்."

பூனையைத் தூக்கி மடியில் வைத்தேன். "டேய்" என்று அவன் கூப்பிட்டதும் அதன் காது இரண்டும் நிமிர்ந்தன. ஃபோன் பக்கம் திரும்பவில்லை. முன்பு மகன் வீட்டுக்கு வருகிற வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, அந்தப் பெரிய கண்களால் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க பாக்கிறான்?" என்றான் மகன்.

நான் கையை நீட்டி, ஃபோனை வாசல் பக்கமாகக் கொண்டுபோய், அதன் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"ஆ, இப்ப என்னைப் பாக்கிறான்" என்று சிரித்தான். "ஓம் அப்பன்" என்றேன்.