தேநீர் மணியும் டெலிபிரின்டரும்

பட்டப்படிப்பு முடிந்து, சென்னையில் எம்.ஏ. இடத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த கோடையில், எங்கள் தீவின் ஹேடோ பகுதியில் என் தந்தை தலைமை எழுத்தராக இருந்த அலுவலகத்தில் என்னைத் தற்காலிகத் தட்டச்சராக அமர்த்தினார்கள். இலக்கியம் படித்தவள் எழுத்துப்பிழை விடமாட்டாள் என்பது அவர்கள் நம்பிக்கை. பேச்சும் குறைவு என்பதைக் கூடுதல் தகுதியாகக் கொண்டார்கள்.

அந்த ஆண்டுதான் அலுவலகத்துக்கு, வேறு ஊரில் தட்டச்சு செய்வதை இங்கே தாளில் அடித்துத் தரும் டெலிபிரின்டர் ஒன்று கப்பலில் வந்திறங்கியது. அதை இணைக்கவேண்டிய கம்பி வரவில்லை. கடலுக்கு அக்கரையில், மெயின்லாண்டில், இயந்திரம் ஒரு கோப்பிலும் கம்பி வேறொரு கோப்பிலும் இருந்தன. இரண்டாவது கோப்புக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

எங்கள் மரக்கட்டடத்தின் சுவரில் பழைய தொலைபேசிக் கேபிள் ஒன்று ஓடியது. அதற்குள் மூன்று ஜோடிக் கம்பிகள். ஒன்று அதிகாரியின் தொலைபேசிக்கு, மற்றொன்று எங்கள் பிரிவின் தொலைபேசிக்கு. மூன்றாவது, அதிகாரியின் மேசையிலிருந்த மணிப் பொத்தானுக்கு. அதை அவர் அழுத்தினால் வெளியே பெஞ்சில் இருக்கும் பியூன் எழுந்து தேநீர் கொண்டுவருவார். மணியைக் கழற்றிவிட்டு அந்த ஜோடியை டெலிபிரின்டருக்குத் தரலாம் என்று லைன் மெக்கானிக் சொன்னார். அதிகாரி இசையவில்லை. கைமணி பள்ளிக்கூடத்துக்கு உரியது என்றும், கைதட்டிக் கூப்பிடுவது சாப்பாட்டுக் கடைக்கு உரியது என்றும் விளக்கினார். ஆகவே மெக்கானிக் இரண்டையும் ஒரே ஜோடியில் முடிந்துவைத்தார்.

"தார் ஏக் ஹி ஹை, சாப். இருக்கிறது ஒரே கம்பி. ரெண்டும் அனுசரிச்சுக் குடித்தனம் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார்.

குடித்தனம் சரிப்படவில்லை. அதிகாரி பொத்தானை அழுத்தும்போதெல்லாம் டெலிபிரின்டர், அடித்துக்கொண்டிருந்த வாக்கியத்தை நட்டாற்றில் விட்டு, எந்த மொழிக்கும் சொந்தமில்லாத எழுத்துகளைக் கொட்டியது. அவற்றை எறிந்துவிடலாமே என்று கேட்டேன். வந்தது வந்ததுதான் என்றார் அப்பா. இயந்திரத்தில் வந்த ஒவ்வொன்றுக்கும் வரவுப் பதிவேட்டில் எண் இடவேண்டும் என்பது விதி. விதியில் அர்த்தத்தைப் பற்றிய பேச்சே இல்லை. படிக்க முடியாதவை சங்கேதச் செய்திகளாக இருக்கக்கூடும் என்று கருதி, அரக்கு முத்திரையிட்ட உறையில் அதிகாரிக்கு அனுப்பினோம். அவர் பொறுப்புணர்ச்சியோடு தம் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். இரண்டு வாரத்தில், தாம் குடித்த தேநீரின் முழு வரலாறும் அவருடைய காவலில் இருந்தது.

மெக்கானிக் வந்து காரணத்தைச் சொன்ன பிறகு ஒரு சுற்றறிக்கை வெளியானது. இயந்திரம் இயங்கும் நேரத்தில் அவசரத்துக்கு மட்டுமே மணி அடிக்கப்படும் என்றது அது. தேநீர் அவசரத்தில் சேரும் என்பதை எழுதாமலே எல்லோரும் புரிந்துகொண்டோம்.

இதற்கிடையே இயந்திரத்தைச் சுற்றி ஒரு வழக்கமும் வளர்ந்திருந்தது. சென்னை அலுவலகத்தில் இருந்தவர்கள், அலுவல் செய்தியின் வாலில் ஒரு வரி சொந்தச் செய்தியைச் சேர்த்து அனுப்புவார்கள்: இன்னார் மகனுக்குக் காய்ச்சல் விட்டது, இன்னார் தங்கைக்கு வரன் முடிந்தது. அந்த வரிக்கு மட்டும் அப்பா எண் இடமாட்டார். விதிப்படி அப்படி ஒரு வரி கிடையாது.

அங்கிருந்த எழுத்தர் ஒருவர், கல்லூரியின் அறிவிப்புப் பலகையைப் பார்த்து என் செய்தியையும் அப்படியே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். இடம் கிடைத்திருந்தால் அந்த வாரம் புறப்படும் கப்பலில் நான் ஏறியாக வேண்டும். அதை விட்டால் அடுத்த கப்பல் வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும்.

கப்பல் புறப்படுவதற்கு முந்தைய நாள் பிற்பகல் செய்தி வந்தது. சிமென்ட் மூட்டைகளைப் பற்றிய பகுதி ஒரு புள்ளி குறையாமல் வந்தது. அதன்பின், "தலைமை எழுத்தர் மகளுக்கு எம்.ஏ. இடம்" என்றது இயந்திரம். அந்த நொடியில் மணி அடித்தது. மீதி, அலமாரிக்கு உரிய மொழியில் இருந்தது.

விதிப்படி இல்லாத வரியை மறுபடி அனுப்பும்படி கேட்க முடியாது. ஆனால் அதைத் தொடர்ந்து வந்த குப்பை முறைப்படி வரவு. அதற்கு எண் இட்டு, சிமென்ட் தொடங்கிக் கடைசிவரை மீண்டும் அனுப்பும்படி ஒரு கோரிக்கையைத் தட்டச்சு செய்து, அதிகாரியிடம் கையொப்பத்துக்கு எடுத்துப்போனேன்.

"சிமென்ட்தான் முழுசா வந்திருக்கேம்மா?"

"சிமென்ட்டுக்கு அடுத்த வரி, சார்."

படித்தார். நான் மணிப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது என் மணியாலயா?"

"ஆமாம், சார். மறுபடி வரும்போது ஐந்து நிமிடம் அதைத் தொடாமல் இருக்க வேண்டும்."

அந்த மாதத்தில் நான் அவரிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

"அப்ப டீ?"

"ஃபோன் இருக்கிறது, சார். அதற்குத் தனிக் கம்பி."

முழங்கையருகே அத்தனை நாளும் இருந்த கருவியை அவர் புதிதாக வாங்கிய பொருளைப் போலப் பார்த்தார். கையொப்பமிட்டார்.

நாலரை மணிக்கு இயந்திரம் மறுபடி உயிர்பெற்றது. சிமென்ட் மீண்டும் வந்தது. சுவருக்கு அப்பால் அதிகாரி ரிசீவரை எடுத்து, எங்கள் பிரிவின் எண்ணை எக்ஸ்சேஞ்சில் கேட்பது காதில் விழுந்தது. பத்தடி தூரத்திலிருந்த அப்பாவின் மேசைக்கு அவர் குரல், எக்ஸ்சேஞ்ச் இருந்த அபெர்டீன் பஜார்ப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அப்பா எழுந்து நின்று எடுத்தார்.

"சார்... ஒண்ணுதானே, சார்? சர்க்கரை கம்மியா. சரி, சார்."

இயந்திரம் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. இடம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமைக்குள் சேரவேண்டும். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் பியூனுக்குத் தேநீர் சொன்னார்.

அடுத்த கோடையில் நான் திரும்பிவந்தபோதும் கம்பி வரவில்லை. பிரிவின் தொலைபேசிதான் நாள் முழுதும் தேநீர் விஷயமாகவே பேசிக்கொண்டிருந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டினேன். நான் எண் இட்ட குப்பை வரிக்கு எதிரே, எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ற பத்தியில், "தேநீர் வழங்கப்பட்டது" என்று அப்பாவின் கையெழுத்தில் இருந்தது. அதற்கு அடுத்த எண்ணை, விதியை மீறி, எனக்கு இடம் கிடைத்ததைச் சொன்ன வரிக்கு அவரே இட்டிருந்தார். அதற்கு எதிரே இருந்த நடவடிக்கை: "சம்பந்தப்பட்டவர் கப்பலேறினார்."