அழித்துவிட்ட ஐந்து மணி நேரம்

டியூஷன் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘குறைந்தபட்சம் டீச்சர்’. எதைச் சொன்னாலும், “கொறஞ்சது எவ்வளவு? கூடிப்போனா எவ்வளவு?” என்று கேட்காமல் விடமாட்டாள். கல்யாணம் பேசும்போதே தன் சம்பளத்தையும் அப்படித்தான் கேட்டாள் என்று, பஸ் மெக்கானிக்கான அவள் கணவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அந்தச் சிரிப்பெல்லாம் அவனுக்குச் சிறுநீரகம் பழுதாகும் வரைதான். வாரத்துக்கு மூன்று டயாலிசிஸுக்குக் குறையக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் பலகையில் கணக்கை எழுதினாள். வாரத்துக்கு எடுக்கும் வகுப்புகள் x, டயாலிசிஸ் y. ஒரு டயாலிசிஸுக்கு ஆறு வகுப்புக் காசு போகும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எட்டு வகுப்புக் காசு. ஆக, x ≥ 6y + 8. ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரம். அவனைக் கூட்டிப்போய், கூடவே உட்கார்ந்து, கூட்டிவர ஐந்து மணி நேரம். அவள் கையில் இருப்பதோ வாரத்துக்கு முப்பத்தாறு. x + 5y ≤ 36. கடைசியாக, y ≥ 3.

கோடுகளை வரைந்தாள். மூன்றும் ஒத்துப்போகும் இடம் பலகையில் எங்குமே இல்லை. மூன்று தடவைக்கு இருபத்தாறு வகுப்பு வேண்டும். நேரம் இருப்பது இருபத்தொன்றுக்குத்தான். கட்டணத்தை ஏற்றினால் பிள்ளைகள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அடகு வைக்கவும் ஒன்றும் மிச்சமில்லை.

அவன் கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு தடவை போனா போதும்மா.”

“கேள்வியில குடுத்ததை மாத்தக் கூடாதுங்க.”

“அப்ப அந்த அஞ்சை எடு. நான் தனியாப் போயிட்டு வரேன். பஸ்ஸையே பிரிச்சு மாட்டினவனுக்கு பஸ்ல ஏறத் தெரியாதா?”

அந்த ஐந்தும் கேள்வியில் கொடுத்ததுதான். முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கும், துணைக்கு ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் அதை அவர் எண்ணாகச் சொல்லவில்லை. அவள் 5y-ஐ அழித்தாள். உடனே பலகையில் இடம் கிடைத்தது. படுபாவிக் கணக்கு, எவ்வளவு சமர்த்தாக விடை கொடுத்தது பாருங்கள்.

கொஞ்ச நாள் எல்லாம் ஓடியது. அவன் தனியாகப் போனான், வந்தான், முகம் வெளிறிப்போய்ப் படுத்தான். கேட்டால், “ஒண்ணுமில்ல, நீ வகுப்பைப் பாரு” என்பான். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில், பஸ்ஸுக்கு நின்றவன் தலைசுற்றி விழுந்தான். நடைபாதைக் கல்லில் மண்டை மோதியது. குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்து நெடுநேரம் யாரும் கிட்டே போகவில்லை. அவள் போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. வகுப்பு நேரத்தில் போன் கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போனபின் மறுபடியும் வகுப்பு தொடங்கியது. புத்தகத்தில் அடுத்து இருந்ததும் அதே பாடம்தான். பலகையில் அவளுடைய பழைய கோடுகள் இன்னும் மங்கலாகத் தெரிந்தன. முன் வரிசைப் பெண் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், y பூஜ்யமா இருந்தா கணக்கு சரியா வருமா?”

அவள் பலகையைப் பார்த்தாள். இனி எட்டு வகுப்பு எடுத்தால் போதும். முப்பத்தாறு மணி நேரமும் அவளுடையதுதான். அவன் இருந்தவரை விரல் நுழைய இடம் தராத கோடுகளுக்கு நடுவில் இப்போது வேண்டிய மட்டும் இடம் கிடந்தது.

“வரும்மா,” என்றாள். “ரொம்ப நல்லா வரும்.”