மண்சுவருக்குச் சிமெண்டு பூசினேன்

ராசிபுரத்தை அடுத்த எங்கள் ஊரிலேயே முதல் சிமெண்டுப் பூச்சு என் வீட்டுக்குத்தான்! சேலத்திலிருந்து வண்டியில் மூட்டைகள் வந்து இறங்கியபோது, பென்ஷன் வாங்கும் ஆசிரியன் என்பதையும் மறந்து துள்ளினேன்.

கொத்தனார் மாரப்பன் தயங்கினார். "இது மண்ணு செவுருங்க சாமி. சுண்ணாம்புன்னா உள்ளாற ஈரம் வெளிய போயிருமுங்க. சிமிட்டி மூடிக்குமுங்க."

"படிச்சவன் நானா, நீயா?" என்றேன். சிமெண்டே பூசிக் கொடுத்தார்.

வந்தவர்களிடமெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டினேன். ஐப்பசி மழையில் அடியிலிருந்து ஈரம் ஏறி, வெளியேற வழியின்றி உள்மண் இளகிவிட்டது. ஒரு நாள் காலை சுவரோரம் அமர்ந்து கம்பு புடைத்த என் மனைவி, கோழியை விரட்ட எழுந்து நாலடி போனாள். அவ்வளவுதான்! ஆளுயரச் சிமெண்டுப் பாளம் மண்ணோடு சரிந்து முறத்தை நசுக்கியது.

ஓடி வந்த நான், "மாரப்பன் கலவையிலே மோசம் பண்ணிட்டான்!" என்று கத்தினேன்.

"அந்த மனுசன் அன்னைக்கே சொன்னாருங்க. எங்காதுல உழுந்துச்சு, உங்க காதுல உழுவலீங்களா?" என்றாள்.

தெருவார் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மிச்சத்தையும் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பே பூசினார். இப்போது யாராவது சுவரைப் புகழ்ந்தால், முன்பே எச்சரித்தவர் மாரப்பன், கேட்காமல் மனைவியைச் சாகக் கொடுக்கவிருந்தவன் நான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.