மேண்டலினுக்கு விலை கேட்கப் போன நாள்

எங்கள் சித்தப்பா பலாபத்வலையில், வெள்ளைக்காரர்கள் வந்து பார்க்கும் வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் வேலை பார்த்தார். கறுவாவையும் ஏலக்காயையும் முகரக் கொடுத்துவிட்டு, வழுக்கையில் முடி முளைக்கவைக்கும் எண்ணெயை விற்பது அவர் பொறுப்பு. அவர் தலையிலேயே முடி இல்லை என்பதை வெள்ளைக்காரர்கள் ஏனோ பொருட்படுத்துவதில்லை. ஒருநாள் மத்தியானம் அவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலிருந்த மேண்டலினை இறக்கினார்.

அது அம்மாவின் அப்பா விட்டுப்போனது. இனக்கலவரத்தில் உக்குவளை வீடு எரிந்தபோது, தாத்தா அதை மட்டும் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். நகைப்பெட்டியை விட்டுவிட்டு இதை எடுத்தாரே என்று, அவர் இருந்த காலம் முழுக்க அப்பா ஆச்சரியப்பட்டார். தாத்தாவுக்குப் பிறகு அது அம்மாவுடையதாயிற்று. அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. அவ்வப்போது துடைத்து வைப்பாள்.

சித்தப்பா டோர்ச் லைட்டை அதன் ஓட்டைக்குள் அடித்து, உள்ளே ஒட்டியிருந்த பழுப்புத் தாளை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"நாப்போலி! அண்ணே, இது இத்தாலிச் சாமான்! இன்னிக்கு வந்த ஒரு வெள்ளைக்காரன் மேண்டலின் வாசிக்கிறவனாம். இந்த மாதிரி பழசு ஒண்ணு கையில இருந்தா வீடே கட்டலாம்னு சொல்றான்!"

அன்று பொழுது சாய்வதற்குள் நாங்கள் பணக்காரர்களாகிவிட்டோம். முதலாளியின் லொறியில் கலேவெலையிலிருந்து மரக்கறி மூட்டைகளைக் கண்டிக்கு ஏற்றிப் போகும் அப்பா, தன் சொந்த லொறிக்கு நிறம்கூடத் தீர்மானித்துவிட்டார். அண்ணனுக்கு சைக்கிள். எனக்குக் கலர் டீவி. பக்கத்து வீட்டு டீவியை நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். நமக்கு டீவி வந்ததும் அந்த வீட்டுப் பிள்ளைகளை உள்ளே விடுவதா, ஜன்னலோடு நிறுத்துவதா என்பதுதான் என் ஒரே கவலை. இத்தனை பேச்சிலும் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை லொறியின் முன்சீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான் என நால்வரும் நெருக்கியடித்துக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டோம். மேண்டலின் பெட்டி அம்மா மடியில். வழியில் சோதனைச்சாவடியில் மறித்த ஆமிக்காரன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். "இத்தாலி, சேர்" என்று அப்பா பெருமையாக அறிவித்தார். அவன் ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்து, சிரித்து, போகவிட்டான். ஆமிக்காரனுக்கே அதன் அருமை தெரிகிறது என்று அண்ணன் என் காதில் சொன்னான்.

கண்டியில் வாத்தியங்கள் பழுதுபார்க்கும் கடையொன்றுக்குப் போனோம். கடைக்காரர் வயதான சிங்களவர். பேச்செல்லாம் சிங்களத்தில்தான், எனக்கு நன்றாகவே விளங்கும். அவர் மேண்டலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.  அந்த நேரம் பார்த்து வெளியே விசில் சத்தம். ஆளில்லாமல் நிற்கும் வாகனத்தைக் கண்டாலே எல்லோரும் குண்டு என்று பயந்த காலம் அது. லொறியை எடுக்கச் சொல்லி ஆமிக்காரன் கத்த, அப்பா ஓடினார். அண்ணனும் பின்னால் ஓடினான்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல கைவேலை, மகள். லேசில் கிடைக்காத சாமான். தருவதென்றால் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று அம்மாவிடம் ஒரு தொகையைச் சொன்னார். எத்தனை டீவி வரும் என்று என்னால் எண்ண முடியவில்லை. நான் துள்ளிக் குதித்தேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"மாத்தயா, எங்கள் அப்பா வீட்டில் எரியாமல் மிஞ்சியது இது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் வந்து கேட்டால் பெறுமதி இல்லை என்று சொல்லிவிடுங்கள்."

அவர் மேண்டலினைப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு பெட்டியை மெதுவாக மூடினார்.

அப்பா மூச்சிரைக்க வந்து நின்றதும், "பலகையில் பூச்சி விழுந்திருக்கிறது. வீட்டில் வைத்திருங்கள், அழகுக்கு நல்லது" என்று முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னார். அப்பாவின் முகம் காற்றுப்போன டயர் மாதிரி ஆயிற்று.  திரும்பும் வழியில் அக்குறணை தாண்டியதும் அப்பா தானாகவே சிரிக்கத் தொடங்கினார்.

"சரி, போகுது. ஒண்ணுக்கும் உதவாத சாமான்தானே! பிள்ளைங்க ஆசைக்கு அடிச்சு விளையாடட்டும்."

"ஒருத்தரும் தொடக்கூடாது" என்றாள் அம்மா.

"பூச்சி அரிச்ச சாமானுக்கு என்னத்துக்கு இவ்வளவு காவல்?"

அம்மா பெட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். நான் அவள் பக்கம் சாய்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். இல்லாவிட்டால் சந்தோஷத்தில் உளறியிருப்பேன். லொறியிலிருந்த மற்ற இருவருக்கும் தெரியாத ரகசியம் எனக்குத் தெரியும்! கடைக்காரர் கேட்டதும் கொடுத்துவிட அம்மா என்ன ஏமாளியா? இதைவிடப் பெரிய விலைக்காகக் காத்திருக்கிறாள். அவளுடைய சாமர்த்தியத்தை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் என் டீவி இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்டிருந்தது.